சத்தி நிண்டிட்டுது, பிள்ளைக்கு என்னவும் ஆயிட்டுதோ?

நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. நல்ல நீளமான கடிதம், ராவில நித்திரை வராம எழுதினது எண்டு அவவே சொல்லுறா. ஆளை அடையாளம் தெரியக்கூடாது எண்டதால சில விசயங்கள மாத்தி சுருக்கமா தாறன்.

வயசு 29. புருசன் கட்டாரில வேலை, இவ மாமி வீட்டில. போன வருசம் முதல் கர்ப்பம். ரத்தம் படல, வயித்துக்குத்தும் இல்ல, 10 ஆம் கிழமை ஸ்கானுக்கு போனா துடிப்பு இல்ல, பிள்ளை 8 கிழமையோட வளர்ச்சி நிண்டுபோச்சு எண்டு சொல்லி ஆஸ்பத்திரியில வச்சு கழுவி அனுப்பினாங்க. "அதுக்கு ஒரு கிழமைக்கு முன்னமே எனக்கு சத்தி குறைஞ்சிட்டுது டொக்டர், அப்பாடா சாப்பிட ஏலுது எண்டு சந்தோசப்பட்டன், அண்டைக்கே ஓடியிருந்தா பிள்ளைய காப்பாத்தியிருக்கலாம் தானே" எண்டு எழுதியிருக்கிறா.

இப்ப ரெண்டாவது. இண்டைக்கு 8 கிழமை 5 நாள். 7 கிழமை 1 நாளில ஒரு தனியார் இடத்தில ஸ்கான் பாத்தது, நீளம் 10 மில்லிமீட்டர், துடிப்பு நிமிசத்துக்கு 138. போன முறை போனதால முன்னெச்சரிக்கைக்கு எண்டு அங்க ஒரு கிழமைக்கு புரொஜெஸ்டரோன் மாத்திரை குடுத்திருக்கிறாங்க, அது முடிஞ்சு நாலு நாள். மீன் பொரிக்கிற மணம் வந்தாலே வாளியத் தேடி ஓடினவ, மூண்டு நாளைக்கு முன்ன காலையில எழும்பினா ஓங்காளமும் இல்ல ஒண்டும் இல்ல, மார்பு நோவும் போயிட்டுது. பக்கத்து வீட்டு அக்கா "சத்தி நிண்டா பிள்ளையும் நிண்டிட்டுது எண்டுதான் அர்த்தம்" எண்டிருக்கிறா. இவ பாமசில டெஸ்ட் கிட் வாங்கி அடுத்தடுத்த நாள் மூண்டு தரம் செய்து பாத்திருக்கிறா, மூண்டாவதில கோடு மங்கல். அதுக்குப் பிறகு சாப்பாடு இறங்குறதில்ல, ஆனா அது சத்தியால இல்ல, பயத்தால.

கேக்கிறது இது: உடனே ஸ்கான் எடுக்கணுமா, ரத்த டெஸ்ட் செய்யணுமா, மாத்திரைய திரும்ப வாங்கிப் போடலாமா, வெளிநாட்டிலருந்து வந்த சொந்தக்காரரோட கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனது பிழையா, மாமி சொல்லுற மாதிரி மூண்டு மாசம் முடியும் வரைக்கும் மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் சொல்லாம இருக்கிறதா.

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலருந்து தொடங்கலாம் எண்டு தான் முதல்ல நினைச்சன், ஆனா உங்கட கடிதத்தில கேள்வியாவே எழுதாத ஒண்டு இருக்கு, அதத்தான் முதல்ல சொல்லணும். போன வருசம் சத்தி குறைஞ்ச அண்டைக்கே நீங்க ஓடி வந்திருந்தாலும் அந்தப் பிள்ளைய ஒருத்தராலும் காப்பாத்தியிருக்க ஏலாது. என்ன நடக்குது எண்டா, இந்த மாதிரி நேரத்தில முதல்ல பிள்ளையிட வளர்ச்சி நிக்குது, துடிப்பு நிக்குது, அதுக்குப் பிறகும் நச்சுக்கொடியாகப் போற அந்தத் திசு கொஞ்ச நாளைக்கு ஹோர்மோன சுரந்துகொண்டு தான் இருக்கும், அது மெல்ல மெல்ல இறங்கினாப் பிறகு தான் உங்களுக்கு உடம்பில வித்தியாசம் தெரியும். சில ஆக்களுக்கு துடிப்பு நிண்டு ரெண்டு கிழமைக்குப் பிறகும் சத்தி இருக்கும், அவங்களும் ஸ்கான் கட்டிலில இருந்துகொண்டு "எனக்கு இண்டைக்கு காலையிலயும் சத்தி எடுத்துதே" எண்டு தான் அழுவாங்க. அதால நீங்க "கவனிக்காம விட்ட" அறிகுறி எண்டு ஒண்டு இல்ல. முதல் மூண்டு மாசத்துக்குள்ள போற கர்ப்பங்களில கிட்டத்தட்ட பாதிக்கு காரணம் குரோமோசோம் பிழை, அது கரு உண்டாகிற நேரத்திலயே தீர்மானமாகிற விசயம். உறுதியான கர்ப்பங்களிலயே நூறில 10 லருந்து 15 வரைக்கும் இப்பிடிப் போகுது, எங்கட சனம் வெளிய கதைக்கிறதில்ல எண்டதால உங்களுக்கு மட்டும் நடந்த மாதிரி இருக்கும்.

சத்தி ஏன் வருது, ஏன் திடீரெண்டு போகுது

சத்தியும் ஓங்காளமும் சாதாரணமா 6 ஆம் கிழமை அளவில தொடங்கி 9 ஆம் கிழமைப் பக்கம் ஆகக் கூடி, 12 லருந்து 14 க்குள்ள கன பேருக்கு அடங்கிடும். புத்தகத்தில இத ஒரு கோடா கீறிக் காட்டுவாங்க, உடம்பில அது அப்பிடி ஒழுங்கா ஏறி இறங்குறதில்ல. ரெண்டு நாள் ஒண்டும் இருக்காது, மூண்டாம் நாள் பாண் துண்ட வாயில வைக்க ஏலாது. நூறு தாய்மாரில 20, 30 பேருக்கு சத்தியே வாறதில்ல, அவங்களும் நல்ல பிள்ளை தான் பெறுறாங்க, உங்கட மாமியிட்டயே கேட்டுப் பாருங்க, அவவிட வயசு ஆக்களில "எனக்கு மசக்கையே இருக்கல" எண்டு சொல்லுறவங்க இருப்பாங்க.

2023 ல வந்த ஒரு ஆய்வு இத இன்னும் தெளிவாக்கினது. நச்சுக்கொடிப் பக்கமிருந்து ஜிடிஎஃப்15 எண்ட ஒரு ஹோர்மோன் தாயிட ரத்தத்துக்கு வருது, அதுக்குத் தாயிட மூளை எவ்வளவு பழகியிருக்கு எண்டதப் பொறுத்து தான் சத்தி கூடுறதும் குறையிறதும். அதாவது ஒரே அளவு ஹோர்மோனுக்கு ஒருத்தி வாளியோட இருப்பா, மற்றவ சோறும் மீன் குழம்பும் சாப்பிடுவா. அப்ப சத்திய வச்சு பிள்ளையிட சுகத்த மீட்டர் வாசிக்கிற மாதிரி வாசிக்க ஏலாது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலயும் ஒரு துண்டு உண்மை இருக்கு, அதையும் மறைக்கல. ஓங்காளம் இருக்கிற தாய்மாருக்கு கரு கலையிறது கொஞ்சம் குறைவு எண்டு ஆய்வுகள் காட்டியிருக்கு. ஆனா அத அப்பிடியே தலைகீழாக்கி, ஓங்காளம் இல்லாட்டி கரு போயிட்டுது எண்டு எடுக்கிறது தான் பிழை. ராவில போனில தேடித் தேடி வாசிக்கிற முக்காவாசி கதையும் இந்தப் பிழையில தான் நிக்குது.

இப்ப உங்கட கடிதத்தில நீங்க ஒரு வரியில சொல்லிட்டுப் போன ஒரு விசயத்த நான் ரெண்டு தரம் வாசிச்சன். மாத்திரை முடிஞ்சு நாலு நாள், சத்தி நிண்டு மூண்டு நாள். புரொஜெஸ்டரோன் மாத்திரையே மார்பு நோவு, அசதி, தலைச்சுத்து, சில ஆக்களுக்கு ஓங்காளம் எல்லாம் குடுக்கும். அத நிப்பாட்டினா ஒண்டு ரெண்டு நாளில அந்தப் பங்கு இறங்கிடும். உங்களுக்கு நடந்தது இது தான் எண்டு பாக்காம அடிச்சுச் சொல்ல ஏலாது, ஆனா நாள் கணக்கு அப்பிடியே பொருந்துது, நீங்க அத யோசிக்கவே இல்ல. உங்களிட்ட ரத்தக்கசிவு இல்ல, நோவு இல்ல, 7 ஆம் கிழமையில துடிப்பு கண்டாச்சு. ஒரு பிரச்சினையும் இல்லாத தாய்க்கு துடிப்பு கண்டாப் பிறகு கரு போற சந்தர்ப்பம் நூறில சில பேர் எண்ட அளவுக்கு இறங்கிடும். போன முறை ஒண்டு போனதால உங்களுக்கு அது கொஞ்சம் கூட இருக்கலாம், அப்பிடி இருந்தும் நல்லபடியா போற பக்கம் தான் பாரம் கூட.

டெஸ்ட் கிட்ட தூக்கி வைங்க

அந்தக் கிட் ஹோர்மோன் இருக்கா இல்லையா எண்டு மட்டும் பாக்கிறதுக்கு செய்தது, எவ்வளவு இருக்கு எண்டு பாக்கிறதுக்கு இல்ல. நீங்க தண்ணி கனக்க குடிச்சிட்டு பின்னேரம் செய்தா கோடு மங்கும். இன்னொண்டு, 8, 9 கிழமையில கிட் தேடுற எச்சிஜி எண்ட கர்ப்ப ஹோர்மோன் அவ்வளவு கூடிப்போய் இருக்கும், கிட்டில இருக்கிற மருந்து அத ஒழுங்காப் பிடிக்க ஏலாம கோடு மங்கலா வாறதும் உண்டு, ஹூக் எஃபெக்ட் எண்டு சொல்லுவம். கூடினதால மங்கினத குறைஞ்சதால மங்கினது எண்டு நினைச்சு அழுறது எவ்வளவு அநியாயம். காசும் வீண்.

ரத்தத்தில எச்சிஜி பாக்கிறதும் இப்ப உங்களுக்கு உதவாது. 48 மணித்தியாலத்தில எவ்வளவு ஏறுது எண்டு பாக்கிறது ஸ்கானில இன்னும் ஒண்டும் தெரியாத, ஆக ஆரம்ப நாட்களுக்குரிய வேலை. துடிப்பு கண்டாப் பிறகு ஸ்கான் தான் பேசும். இந்தக் கிழமையில எச்சிஜி ஏற்றம் எப்பிடியும் மெதுவாகும், 8 லருந்து 11 கிழமைக்குள்ள உச்சத்துக்குப் போய் பிறகு இறங்கும், அந்த இறக்கத்தப் பாத்து திரும்ப ஒருக்கா பயப்படுவீங்க.

ஸ்கான் எடுக்கிறதா?

எடுங்க. இண்டைக்கு ராவே ஓட்டோ பிடிச்சு ஓட வேண்டிய அவசரம் இல்ல, ஆனா போன முறை ஒரு அறிகுறியும் இல்லாம போன அனுபவம் உள்ள ஒரு ஆளிட்ட "12 கிழமை வரைக்கும் பொறுத்திருங்க" எண்டு சொல்லுறது மனிசத்தன்மை இல்ல. 9 கிழமை முடிஞ்ச கையோட ஒரு நாள் வச்சுக்கொள்ளுங்க. முதல் ஸ்கானுக்குப் பிறகு கிட்டத்தட்ட ரெண்டு கிழமை ஆகியிருக்கும், வளர்ச்சி ஒழுங்காத் தெரியும். பிள்ளை இந்த நேரம் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில வளரும், அப்ப 22, 23 மில்லிமீட்டர் பக்கம் இருக்கணும், ஒண்டு ரெண்டு கூடக் குறைய இருந்தா அத வச்சு கணக்குப் போட வேணாம். துடிப்பு 138 இருந்தது 170 எண்டு காட்டினாலும் பயப்புடாதீங்க, 9 ஆம் கிழமையில தான் அது ஆகக் கூட அடிக்கும், பிறகு இறங்கும். இத ஏன் முன்கூட்டியே சொல்லுறன் எண்டா அந்த இலக்கத்தையும் நீங்க ராவில தேடுவீங்க எண்டு எனக்குத் தெரியும்.

அது நல்லா இருந்தா அடுத்தது 11 லருந்து 13 கிழமைக்குள்ள எடுக்கிற ஸ்கான், நடுவில வேணாம். ஸ்கானால பிள்ளைக்குக் கெடுதல் எண்டு இல்ல, ஆனா ஒவ்வொரு ஸ்கானும் தாற நிம்மதி மூண்டு நாளுக்குத் தான் நிக்கும், பிறகு அடுத்ததுக்கு மனம் துடிக்கும்.

துடிப்பு இல்லாட்டி எண்டு நீங்க எழுதல, ஆனா அத நினைச்சுத்தான் எழுதியிருக்கிறீங்க. அப்பிடி வந்தா, ஒரே ஆளின்ட ஒரே பார்வையோட முடிவு எடுக்கக் கூடாது, இன்னொரு டொக்டரும் பாத்து உறுதி செய்யணும், கேளுங்க, அது உங்கட உரிமை. பிறகும் உடனே கழுவணும் எண்டு கட்டாயம் இல்ல. தானாப் போக கொஞ்ச நாள் பொறுக்கிறது, மாத்திரை வைக்கிறது, கழுவுறது எண்டு வழிகள் இருக்கு, உங்கட உடல்நிலையையும் வார்டில என்ன வசதி இருக்கு எண்டதையும் பாத்து விஓஜி, அதாவது மகப்பேற்று விசேட டொக்டர், சொல்லுவார். அவ்வளவு தான், இதுக்கு மேல இப்ப யோசிக்க வேணாம்.

எங்க எடுக்கிறது எண்டா, காசு குடுத்து சனல் பண்ணித்தான் ஆகணும் எண்டு இல்ல. மிட்வைஃப் மிஸ் மூலமா எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குக்குப் போனா அங்கயிருந்து திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலைக்கு கடிதம் தருவாங்க, போன முறை நடந்ததச் சொன்னா சும்மா விடமாட்டாங்க. போகேக்க போன வருசம் ஆஸ்பத்திரியில தந்த டயக்னோசிஸ் கார்டை மறக்காம கொண்டு போங்க. அதில உங்கட ரத்த வகை எழுதியிருக்கும், ஆர்எச் நெகட்டிவ் எண்டா அப்ப ஊசி போட்டதா எண்டும் பாருங்க, இந்த முறை டொக்டருக்கு அது கட்டாயம் தெரியணும்.

மாத்திரைய நீங்களா திரும்பத் தொடங்காதீங்க

புரொஜெஸ்டரோன் எல்லாருக்கும் பிள்ளையத் தாங்கிப் பிடிக்கிற மருந்து எண்டு எங்கட பக்கம் ஒரு நம்பிக்கை. ரத்தக்கசிவு இல்லாத ஆளுக்கு அது உதவுது எண்டதுக்கு நல்ல ஆதாரம் இல்ல. ஆனா இத நல்லா ஞாபகம் வைங்க: முன்ன ஒரு கருச்சிதைவு நடந்து, இந்த முறை ஆரம்பத்தில ரத்தம் படுற ஒரு தாய்க்கு, கருப்பைக்குள்ள தான் கரு இருக்கு எண்டு ஸ்கானில உறுதியானா, புரொஜெஸ்டரோன் வைக்கலாம் எண்டு 2021 லருந்து பிரித்தானியாவின்ட நைஸ் எண்ட சுகாதார அமைப்பின்ட வழிகாட்டல் சொல்லுது. ஆக உங்களுக்கு ரத்தம் கண்டா டொக்டரிட்ட முதல் வசனமே "எனக்கு போன முறை ஒண்டு போனது" எண்டு இருக்கட்டும். இப்ப ரத்தம் இல்ல, அதால இப்ப தேவை இல்ல. 8, 9 கிழமையில நச்சுக்கொடியே அந்த ஹோர்மோன சுரக்கிற வேலைய பொறுப்பெடுக்குது, நீங்க மாத்திரைய விட்டதால பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது. மாத்திரை குடுத்த டொக்டரிட்ட ஒருக்கா போன் பண்ணி, முடிஞ்சுது, நிப்பாட்டினது சரி தானே எண்டு கேட்டிடுங்க. ஃபோலிக் அசிட்ட மட்டும் விடாதீங்க.

இதுக்கு மட்டும் பொறுத்திருக்காதீங்க

சத்திய கண்காணிக்கிறத விட்டிட்டு நீங்க பாக்க வேண்டியது இவ்வளவு தான். பீரியட் மாதிரி சிவப்பா ரத்தம், அதுவும் கட்டி கட்டியா வந்தாலோ ஒரு மணித்தியாலத்தில ஒரு பேட் நனைஞ்சாலோ. ஒரு பக்க அடிவயித்தில விடாத நோவு, தோள்மூட்டில குத்து, மயக்கம் வாறது. காய்ச்சலும் நடுக்கமும், சலம் போகேக்க எரிவும். சத்தி திரும்ப வந்து இந்த முறை ஒரு நாள் முழுக்க தண்ணி கூட நிக்காம, சலமும் போகாம இருந்தா அதுவும் அவசரம் தான். நிலாவெளியிலருந்து ராவில வாகனம் தேடிக்கொண்டு இருக்காதீங்க, 1990 க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்ல.

பிறவுண் நிறத்தில ஒரு துளி கறை கண்டா அது அவசரம் இல்ல, அண்டைக்கோ அடுத்த நாளோ காட்டினாக் காணும். நாலு தாய்மாரில ஒருத்திக்கு ஆரம்பத்தில ஏதோ ஒரு கசிவு வருது, அதில பாதிக்கு மேல நல்லாப் போகுது. மெல்லிய அடிவயித்து இழுவை, நாரி உளைவு எல்லாம் கருப்பை பெருக்கேக்க வாறது, தேவையெண்டா பனடோல் போடலாம், டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் வேணாம். ஒவ்வொரு தரமும் பாத்ரூமில துடைச்சுப் பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு எழுதியிருக்கிறீங்க, அந்தப் பழக்கம் எப்ப வந்துது எண்டு எனக்கு விளங்குது, ஆனா ரத்தம் வந்தா நீங்க தேடாமலே தெரியும்.

கன்னியா விசயம்

பயப்பட ஒண்டும் இல்ல. ஆரம்ப மாசங்களில உடம்பின்ட உள் சூடு 39 பாகை பக்கம் ஏறி அப்பிடியே கன நேரம் நிக்கிறது தான் நல்லதில்ல, அது காய்ச்சலில வரும், சுடுதண்ணித் தொட்டிக்குள்ள கழுத்தளவு இருந்தா வரும். கன்னியாவில ஏழு கிணத்திலயும் வாளியால அள்ளி மேலுக்கு ஊத்துறீங்க, காத்தில நிக்கிறீங்க, ரெண்டு வாளி ஊத்தினதால உள் சூடு ஏறாது. அந்தியேட்டி செய்யிற இடம், வயித்துப் பிள்ளையோட போகக்கூடாது எண்டு மாமி ஏசினதா எழுதியிருந்தீங்க. அது வைத்தியத்தில ஒண்டும் இல்ல, மாமியோட சண்டை பிடிக்கவும் வேணாம், இனி போகல எண்டு சொல்லி விட்டிடுங்க. ஸ்கூட்டியில போனது, அரிசி வாளி தூக்கினது எண்டு நீங்க போட்ட பட்டியலும் அதே கணக்கு தான், அதுகளால துடிக்கிற பிள்ளை நிக்கிறதில்ல.

மிட்வைஃப் மிஸ்ஸுக்கு சொல்லாம இருக்கிறது

இதில மட்டும் மாமியிட பேச்ச நான் கேக்க மாட்டன். எங்கட நாட்டில கர்ப்பவதிய 8 கிழமைக்குள்ள பதியணும் எண்டது தான் கணக்கு, நீங்க ஏற்கனவே கொஞ்சம் பிந்திட்டீங்க. பதிஞ்சா அட்டை கிடைக்கும், ஃபோலிக் அசிட், ரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, விடிஆர்எல் (சிபிலிஸ்), எச்ஐவி டெஸ்ட், பிரஷர் எல்லாம் காசில்லாமப் பாப்பாங்க, பிறகு திரிபோஷா சத்துமாவும் தருவாங்க, எல்லாத்தையும் விட மிஸ் வீட்டுக்கே வருவா, அவரும் இல்லாத வீட்டில உங்களுக்கு கேள்வி கேக்க ஒரு ஆள் இருக்கும். மாமிக்கு நாவூறு தானே பயம், ஊருக்குச் சொல்லாதீங்க, மிஸ் ஊர் இல்ல, ஒருத்தரின்ட வயித்துச் சங்கதிய இன்னொருத்தரிட்ட சொல்லுறது அவங்கட வேலையிலயே இல்ல எண்டு சொல்லிப் பாருங்க. மாமி செத்தல் மிளகாயும் உப்பும் சுத்திப் போடட்டும், நீங்க அட்டையும் எடுங்க, ரெண்டும் ஒண்டோட ஒண்டு மோதாது.

கட்டாரில இருக்கிறவருக்கு இன்னும் சொல்லல, போன முறை அவர் லீவு கிடைக்காம ஃபோனில அழுதது தாங்க ஏலாது எண்டு எழுதியிருக்கிறீங்க. சொல்லுங்க. ஸ்கான் நாளையும் நேரத்தையும் சொல்லுங்க, வெளியில வந்தவுடன கோல் எடுப்பன் எண்டும் சொல்லுங்க. பயம் நித்திரையக் கெடுத்து சாப்பாட்டையும் நிப்பாட்டினா அதுவும் காட்ட வேண்டிய வருத்தம் தான், மிஸ்ஸிட்டயோ கிளினிக் டொக்டரிட்டயோ வெக்கப்படாம சொல்லுங்க, ராவில ஒருத்தரும் இல்லாத நேரம் 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அடிக்கலாம்.

ஸ்கானுக்குப் போகேக்க மூண்டு கேள்விய துண்டில எழுதிக் கொண்டு போங்க, உள்ள போனா எல்லாம் மறந்திடும்: நீளம் எத்தனை மில்லிமீட்டர், துடிப்பு எத்தனை, அடுத்தது எப்ப வரணும். பதில அட்டையில எழுதித் தரச் சொல்லுங்க. முடிஞ்சா யாரையும் கூட்டிக்கொண்டு போங்க, மாமி வாறன் எண்டா மாமியே வரட்டும், திரையில துடிக்கிறத அவவும் ஒருக்கா பாக்கட்டும்.